பை காலியாக இருந்த இரண்டு நாட்கள்

வயிற்றுக்குள் சீழ் கட்டியிருக்கும் இடத்துக்கு ஊசியை எந்தப் பக்கத்திலிருந்து கொண்டுபோவது, எவ்வளவு பருமனான குழாய் போடுவது என்பதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அதனால் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து புனேக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களில் சிலர், ‘பழைய அனுபவம் ஏதாவது எழுதுங்க சார், தமிழிலேயே எழுதுங்க’ என்று கேட்டீர்கள். நீங்கள் எதிர்பார்த்தது நான் ஜெயித்த கதையாக இருக்கலாம். அவை நிறைய உண்டு. அவற்றையெல்லாம் விருந்துகளில் சொல்லித் தீர்த்துவிட்டேன். சொல்லாமல் வைத்திருந்தது இது ஒன்றுதான்.

என் பழக்கம் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் போட்ட ஒவ்வொரு குழாய்க்கும் என் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. கிழமை, நேரம், அன்று மழையா வெயிலா, எத்தனையாவது நாளில் பையில் எவ்வளவு சீழ் இறங்கியது, எப்போது குழாயை எடுத்தேன் என்று எல்லாம் இருக்கும். யாரும் கேட்டு எழுதியதில்லை. சரித்திரப் புத்தகங்களை விழுந்து விழுந்து படிக்கிறவனுக்கு வருகிற வியாதி அது. கோந்த்வாவில் என் வீட்டு அலமாரியில் அந்த நோட்டுகள் இப்போதும் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒரே ஒரு பக்கம் பொய். அந்தப் பக்கத்தில் இருக்கிற எண்கள் எல்லாம் சரியானவை. இருந்தும் பொய்தான்.

அந்தப் பக்கத்துக்கு உரியவர் ஆறுமுகம். கோர்படி ரயில்வே காலனியில் குடியிருந்தார். எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டர் வேலை. சொந்த ஊர் ஜோலார்பேட்டைக்குப் பக்கம். குடல்வால் வெடித்து, வயிற்றின் வலது கீழ்ப்புறம் ஒரு பெரிய மாம்பழம் அளவுக்குச் சீழ் கட்டியிருந்தது. ரயில்வே ஆஸ்பத்திரியிலிருந்து எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். காய்ச்சலில் உதடு வெடித்துக் கிடந்த மனிதர், நான் தமிழில் பேசியதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

“டாக்டர், கத்தி மட்டும் வேணாம். வயித்தக் கிழிச்சுட்டா மெடிக்கல்ல என்னக் கழிச்சுடுவாங்க. அப்புறம் ஸ்டோர்ல உக்காந்து டோக்கன் எழுதினு இருக்கணும். எஞ்சினுக்கு அடியில படுத்தாத்தான் எனக்கு முதுகே நேராவும்.”

“எஞ்சின்தான் இவருக்கு மொத சம்சாரம் டாக்டர்,” என்றார் பக்கத்தில் நின்ற அவர் மனைவி சரோஜா. “நான் அன்ரிசர்வ்டு.”

ரயில்வேயில் வேலை செய்யாதவர்களுக்கு ஒரு விளக்கம். பெரிய அறுவை நடந்து வயிற்றுச் சுவர் பலவீனமாகிவிட்டால், கனமான வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதி, வேறு இலேசான வேலைக்கு மாற்றிவிடுவார்கள். சம்பளம் அதிகம் குறையாது. ஆனால் ஆறுமுகத்துக்குச் சம்பளம் கவலையாக இல்லை. எஞ்சினின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்து, சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர் அவர். அந்த இடத்தை இழப்பதுதான் அவருடைய பயம்.

“கத்தி இல்லை,” என்று வாக்குக் கொடுத்தேன். “ஒரு குழாய் போடுவேன். எல்லாம் வடிந்ததும் எடுத்துவிடுவேன். ஒரு பொட்டு அளவுக்குத்தான் தழும்பு இருக்கும்.”

வெள்ளிக்கிழமை காலை, நல்ல மழையில், குழாயைப் போட்டேன். சுலபமாகவே போயிற்று.

எங்கள் ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு மூத்த அறுவை நிபுணர் இருந்தார். சீழ் இருந்தால் திற என்று படித்து வளர்ந்த தலைமுறை. ஆனாலும் என் குழாய்க்கு அவர் எதிரியல்ல. நோயாளிகளை அவரே என்னிடம் அனுப்புவார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்திருந்தார். ‘குழாய் வடியாமல் நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம். உள்ளே ஒன்றும் இல்லை, அல்லது வெளியே வர வழி இல்லை. எது என்று பார்த்துவிட்டு என்னிடம் பேசு.’ இதை அவர் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நானும் என் மாணவர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சொன்னவன் செய்தான் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது.

அது விநாயகர் சதுர்த்திக்குக் கணபதி வந்திருந்த நாட்கள். புனேயில் ஒரு வருடமாவது இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஆஸ்பத்திரி ஊழியர்களும் கீழ்த்தளத்தில் ஒரு கணபதி வைத்திருந்தார்கள். தினமும் மாலை ஆரத்தியை ஒரு டாக்டர் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். புதன்கிழமை என் முறை.

குழாய் போட்ட ஆறாம் நாள் அது. வடிவது நாளுக்கு நாள் பாதியாகக் குறைந்துகொண்டு வந்தது. அன்று மாலை ஆறுமுகத்தின் குழாயை நானே சலைன் விட்டுக் கழுவினேன். நர்ஸ் செய்கிற வேலைதான். தமிழில் நாலு வார்த்தை பேசலாம் என்று நான் செய்தேன். குழாய்க்கும் பைக்கும் நடுவே ஒரு சின்னத் திருகு இருக்கும், த்ரீவே என்போம். கழுவி முடித்ததும் அதை நோயாளியின் பக்கம் மூடிவிட்டு, சிரிஞ்சைக் கழற்றி, பிறகு பைக்கு வழி திறந்துவிட வேண்டும். கடைசியாக ஒரு திருப்பு.

சிரிஞ்சைக் கழற்றினேன். வாசலில் வார்டு ஊழியர் ஒருவர் நெற்றியில் குங்குமத்தோடு வந்து நின்றார். “சர், சலா! ஆர்த்தி!” ஆரத்திக்கு வாங்க என்று.

“போய்ட்டு வாங்க டாக்டர்,” என்றார் சரோஜா. “சாமிய காக்க வைக்கக் கூடாது.”

நான் கையைக் கழுவிக்கொண்டு போனேன்.

வியாழக்கிழமை காலை பையில் ஒரு சொட்டு இல்லை. “பை காஞ்சி கெடக்குது டாக்டர், நேத்து நீங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து,” என்றார் சரோஜா. இந்த வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. எப்போதிலிருந்து என்பதுகூட இருந்தது. தேதியும் நேரமும் குறிப்பதில் பெருமைப்பட்டுக்கொள்கிற என் காதில் அது பாராட்டாக விழுந்தது.

“அதுதாம்மா நமக்கு வேணும்,” என்றேன்.

“காலைல சாய் வேணாம்னுட்டாரு. சாய் வேணாம்னு இவரு சொல்லி நான் பாத்ததே இல்ல.”

“ஆஸ்பத்திரி சாயை யார்தான் குடிப்பாங்க?”

ஆறுமுகமும் சிரித்தார். வலது காலை மடக்கியே வைத்துக்கொண்டு சிரித்தார். அது இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. இல்லை, பொய் சொல்லக் கூடாது. அப்போதும் பார்த்தேன். உள்ளே சீழ் தேங்கி அழுத்தினால் அந்தக் காலை நீட்ட முடியாது. நோட்டில், ‘ஏழாம் நாள், காலி’ என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமையும் காலி. மறுநாள் சனிக்கிழமை விசர்ஜன், கணபதியைத் தண்ணீரில் கரைக்கும் நாள். ஊர்வலத்துக்காக நகரத்தின் நடுவில் சாலைகளை அடைத்துவிடுவார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து கோர்படிக்குப் போவது அன்று பெரும்பாடு. வீட்டுக்குப் போகக்கூடியவர்கள் எல்லாம் வெள்ளிக்கிழமையே போய்விட வேண்டும் என்று வார்டே பரபரத்தது. ஆறுமுகத்துக்கு இன்னொரு அவசரமும் இருந்தது. காலனி கணபதியை வைத்து இழுக்கும் வண்டி அவர் கையால் செய்தது. அதை நகர்த்தும்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். ஸ்கேன் அறை வாசலில் பெரிய வரிசை. அறுவை நிபுணர் போனில் கேட்டார்: “ஸ்கேன் பார்த்தாயா?”

“இரண்டு நாளாகக் காலி, சார்,” என்றேன்.

அவர் கேட்டது அதுவல்ல. அவருக்கும் அன்று அவசரம். “சரி,” என்று வைத்துவிட்டார்.

குழாயை எடுத்தேன். நர்ஸ் பிளாஸ்திரி எடுக்கப் போயிருந்தார். கையிலிருந்த குழாயைத் தட்டில் போடும்போதுதான் திருகின் கைப்பிடி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தேன். நோயாளியின் பக்கம். மூடியபடி. புதன்கிழமை மாலை நான் விட்டுப்போன அதே நிலையில். என் விரல் தானாகவே அதைத் திருப்பியது. குழாயில் தேங்கியிருந்த சீழ் மஞ்சளாக, கெட்டியாகத் தட்டில் இறங்கியது. அதன்மேல் ஒரு பஞ்சுத் துணியைப் போட்டு மூடினேன்.

இங்கே சற்று நில்லுங்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியது இந்த இடத்தில்தான் இருக்கிறது. திருகை மறந்தது தவறு. கை இருக்கிற எவனுக்கும் அது நேரலாம். அந்த நிமிடத்தில் எல்லாவற்றையும் சரிசெய்ய வழி இருந்தது. குழாய் வந்த பாதை இன்னும் மூடவில்லை. அதே துளையில் ஒரு கம்பியை விட்டு, அரை மணி நேரத்தில் புதுக் குழாய் போட்டிருக்கலாம். அதற்கு நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். ‘நான் மூடியதைத் திறக்க மறந்துவிட்டேன்’ என்று மூன்று பேரிடம் சொல்ல வேண்டும்: நர்ஸிடம், நிபுணரிடம், எதிரில் துணிப்பையை மடித்து வைத்துக்கொண்டு நின்ற சரோஜாவிடம். ஊசி போடுவதில் எனக்கு இணை இல்லை என்று பேர் வாங்கியிருந்த காலம் அது. மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும், மருந்திலேயே அடங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சில சமயம் அப்படி அடங்குவதும் உண்டு. அந்தச் சில சமயத்தின்மேல் இன்னொருவர் வயிற்றைப் பணயம் வைத்தேன்.

நர்ஸ் பிளாஸ்திரியோடு வந்தார். ஒட்டினேன். அன்று மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

நோட்டில் எழுதினேன்: ‘எட்டாம் நாள், வெள்ளி, தூறல். காலி. குழாய் எடுத்தேன்.’

சனிக்கிழமை பிற்பகல் சரோஜா போன் செய்தார். அவர் பக்கமும் டோல் மேளச் சத்தம், என் வீட்டு ஜன்னலிலும் டோல் மேளச் சத்தம். இரண்டு முரசுக்கும் நடுவில் கத்திப் பேசினோம்.

“டாக்டர், இவருக்கு உடம்பெல்லாம் தூக்கித் தூக்கிப் போடுது. போர்வ பத்தல.”

“குழாய் எடுத்தா ரெண்டு நாள் அப்படி இருக்கும்மா. காய்ச்சல் மாத்திரை குடுங்க.”

“கூட்டினு வந்துரட்டுமா? ஷெட்ல ஜீப் கேட்டா குடுப்பாங்க.”

அந்த ஊரில், அந்த நேரத்தில், அந்த நடுக்கத்துக்கு என்ன காரணம் என்று தெரிந்த ஒரே ஆள் நான். “ரோடெல்லாம் அடைச்சிருக்கும்மா. காலைல வாங்க,” என்றேன்.

சாலை அடைத்திருந்தது உண்மை. சுற்றிக்கொண்டு வந்திருந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். பக்கத்திலேயே ரயில்வே ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே போங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். அங்கே போனால் ஸ்கேன் எடுப்பார்கள்.

ஞாயிறு காலை அவர்கள் வந்தபோது ஆறுமுகத்தின் வயிறு பலகையாக இருந்தது. கட்டி உடைந்து சீழ் வயிறு முழுவதும் பரவியிருந்தது. நிபுணர் மேலிருந்து கீழ்வரை திறந்தார். வெளியே வந்ததும் முகமூடியைக் கழற்றாமலே என்னைக் கேட்டார்: “இரண்டு நாள் காலி என்றாய், இல்லையா?”

“ஆமாம் சார்.”

என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் பேசுவதற்கு அவர் நேரம் கொடுத்தார் என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. நான் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவர் இப்போது இல்லை.

ஆறுமுகம் பிழைத்தார். தையல் சரியாக ஆறவில்லை. குடலிறக்கம் வந்தது. அவர் பயந்தபடியே ஷெட்டிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். வார்டைவிட்டுப் போகும் நாளில் சரோஜா என்னிடம் கேட்டார்: “வத்திப்போச்சுன்னீங்களே டாக்டர். எப்டி மறுபடியும் ரொம்புச்சு?”

“சில பேர் உடம்பு அப்படிம்மா. குழாய் ஒத்துக்காது,” என்றேன்.

சொல்லும்போது அது ஒரு சமாளிப்பு. அந்த வாக்கியத்தை அவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், வைத்து வாழ்ந்தார்கள் என்பது ஒன்பது கணபதி கழிந்துதான் எனக்குத் தெரிந்தது.

அதற்குள் நான் ஓய்வு பெற்றிருந்தேன். ஒரு காலையில், என் பழைய இடத்தில் இப்போது இருக்கும் இளம் பெண் மருத்துவர் போன் செய்தார். உங்களில் பலருக்கு அவர் சீனியர். ஈரலில் சீழ் கட்டிய ஒரு நோயாளி, இதயம் பலவீனம், மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறந்தால் தாங்கமாட்டார், குழாய் ஒன்றுதான் வழி. ஆனால் கையெழுத்துப் போட மறுக்கிறார். ‘என் உடம்புக்குக் குழாய் ஒத்துக்காது, பெரிய டாக்டரே சொல்லியிருக்கார், கத்தியே வையுங்க’ என்கிறார். பெரிய டாக்டர் யார் என்று கேட்டதற்கு என் பெயரைச் சொன்னாராம்.

“சர், தும்ஹி ஜரா போலால் கா?” என்றார் அந்தப் பெண். கொஞ்சம் பேசுகிறீர்களா என்று. பிறகு அவரே வழியும் காட்டினார்: அந்தக் காலத்துக் குழாய் வேறு, இப்போது வந்திருப்பது வேறு என்று நான் சொன்னால் போதும்.

ஆட்டோவில் போகும்போது அதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

ஆறுமுகம் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். “வாங்க டாக்டர். ரிட்டையர் ஆனாலும் என்ன உடமாட்டீங்க போல.” சரோஜா தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“ஆறுமுகம், இப்ப வர்ற குழாயெல்லாம் புதுசு. அந்தக் காலத்துது மாதிரி இல்லை.”

அவர் சிரித்தார். “கொழா புதுசுதான் டாக்டர். உடம்பு அதே பழைய உடம்புதான? நீங்க எனக்காக அன்னிக்கு எவ்ளோ பாடுபட்டீங்க. இந்த உடம்புதான் துரோகம் பண்ணிடுச்சு. ஸ்டோர்ல உக்காந்து தெனம் இதத்தான் திட்டினு இருப்பேன்.”

என்னிடம் இருந்த பொய் தீர்ந்துபோயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். புதன்கிழமையிலிருந்து தொடங்கினேன். சிரிஞ்சு, திருகு, ஆரத்தி, இரண்டு நாள் காலி, தட்டில் இறங்கிய சீழ், அதன்மேல் போட்ட துணி. கிழமை தவறாமல் சொன்னேன். அந்த உண்மையை நான் நோட்டில் எழுதவில்லையே தவிர, மறந்ததில்லை. உங்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை, வழியை மூடியது நான், என்றேன்.

கூரையில் சுற்றிய ஃபேனைப் பார்த்தபடி அவர் கேட்டார்:

“அப்போ என் உடம்பு நல்ல உடம்புதானா டாக்டர்?”

“நல்ல உடம்புதான்.”

“ஒம்போது வருசம்,” என்றார். தன் வயிற்றுத் தழும்பின்மேல் கையை வைத்து, ஒரு குழந்தையைத் தட்டுவதுபோல மெதுவாகத் தட்டினார். என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சரோஜா தலையணையை விட்டு நிமிர்ந்தார். “நீங்க அத்தத் திருப்புனத நான் பாத்தேன்,” என்றார். “துணி போட்டு மூடுனதயும் பாத்தேன். டாக்டருங்க வேல அப்டித்தான் இருக்கும்னு நெனச்சுகினேன்.” கொஞ்சம் நிறுத்தி, “நான் போன் பண்ணேனே டாக்டர்,” என்றார்.

 

ஆறுமுகம் கையெழுத்துப் போட்டார். இளம் மருத்துவர் அன்று மதியமே குழாயைப் போட்டார். எனக்கு இணையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அதைப் பார்ப்பது நல்லது.

ஐந்தாம் நாள் நான் போனபோது ஆறுமுகம் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டில் ஓரத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டு தொங்கியது. இளம் மருத்துவர் அதை எடுத்துக் காட்டினார். தமிழ் படிக்கத் தெரியாது அவருக்கு. என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார். சரோஜாவின் கையெழுத்து. நேரம், எவ்வளவு வடிந்தது, சாய் குடித்தாரா என்று கட்டம் கட்டமாக, கோடு போட்டு எழுதியிருந்தார். கடைசிக் கட்டத்தில் எல்லா வரியிலும் ஒரே சொல்: ‘தெறந்துகீது.’ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஐந்து நாளும். என் அலமாரியில் இருக்கிற எந்த நோட்டிலும் அந்தக் கட்டம் கிடையாது.

அன்று வடிந்தது மிகவும் குறைவு. “குறைஞ்சிருக்கே, நல்லதும்மா,” என்றேன், பழக்கத்தில்.

சரோஜா குனிந்து திருகின் கைப்பிடி நிற்கும் பக்கத்தைப் பார்த்தார். பிறகு இளம் மருத்துவரிடம் இந்தியில் கேட்டார்: “ஸ்கேன் எப்போ?”